வேண்டுமென்றே எழுதிய மோசமான பக்கம்

ஸ்டூடியோவில் புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்களுக்கு நான் ஒரு பதில் சொல்ல வேண்டும். போன மாதம் அங்கே வந்திருந்தபோது என்னைச் சுற்றி நின்றுகொண்டு கேட்டீர்கள். கம்ப்யூட்டர் வழியாகத் திரைக்கதை எழுதச் சொல்லித் தருகிறார்களாமே, ஈமெயிலில் பாடம் வருமாமே, எழுதி அனுப்பினால் திருத்தித் தருவார்களாமே, சேரலாமா சார் என்று. யோசித்துச் சொல்கிறேன் என்று நழுவிவிட்டேன். பதில் தெரியாமல் இல்லை. அதைச் சொல்வதென்றால் என் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளைக் கேட்காமல் சொல்லக் கூடாது.

கேட்டேன். "எழுதுங்கப்பா. ஆனா மோட்டார் விளம்பரமாட்டம் எழுதிப் போடாதீங்க" என்றாள். அந்த நிபந்தனைக்கு உட்பட்டு எழுதுகிறேன்.

நான் என்ன எழுதிக்கொண்டிருந்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். ஸ்டூடியோவின் மாடியறையில் இருபது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்து பம்ப்செட் கம்பெனிகளுக்கும், நூல் மில்களுக்கும், காங்கேயத்துத் தேங்காயெண்ணெய் மில்காரர்களுக்கும் படம் எழுதினேன். தியேட்டரில் இடைவேளைக்கு முன்னால் ஓடும் படம், விவசாயக் கண்காட்சியில் டி.வி.யில் ஓடும் படம். அவற்றில் மனிதர்கள் வருவார்கள். கிணற்றைப் பார்ப்பார்கள், தண்ணீரைப் பார்ப்பார்கள், சிரிப்பார்கள். பேசுவது மட்டும் பின்னணிக் குரல். அந்தக் குரல் ஒரு நொடிகூடச் சும்மா இருக்காது. சும்மா இருந்தால் பணம் கொடுத்தவர் கோபித்துக்கொள்வார்.

போன வருஷம், ஐம்பத்தொரு வயதில், வேலையை விட்டேன். ஏன் விட்டேன் என்று அங்கே பலரும் பலவிதமாகச் சொல்லியிருப்பார்கள். காரணம் என் மகள் கவிதா. அதற்கு வருகிறேன். அதற்கு முன் எங்கள் பழைய முதலாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரிடம் கற்ற ஒரு தந்திரத்தில்தான் இந்தக் கதையே நிற்கிறது.

நீங்கள் அவரைப் பார்த்ததில்லை. மில் குடும்பம். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ், கோபம் வந்தால் எங்கே இருந்தாலும் தெலுங்கு. பின்னணிக் குரல் கொடுக்க ஆள் எடுக்கும்போது ஒரு பக்கத்தை நீட்டுவார். "படிங்க." அது நான் எழுதிய பக்கம்தான். ஆனால் நடுவில் ஒரு வரியை அவரே மாற்றியிருப்பார். 'மோட்டாரைக் கழற்றுவதற்கு முன் மெயின் சுவிட்சை மறக்காமல் போடவும்.' அணைக்கவும் என்று இருக்க வேண்டிய இடம்.

வருகிறவர்கள் கோயில் மணி மாதிரிக் குரல் வைத்திருப்பார்கள். அந்த வரியையும் அழகாக ஏற்றி இறக்கிப் படித்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்கள். முதலாளி காபி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார். ஒருநாள் கட்டைக் குரலில் ஒருத்தர் வந்தார். அந்த வரியில் நின்றார். "ஏனுங்க, இப்படிச் சொன்னா எவனாச்சும் செத்துப் போவானுங்களே?" என்றார். முதலாளி அன்றைக்கே அவருக்கு வேலை கொடுத்துவிட்டார்.

"குரல் சுமாருங்களே" என்றேன்.

"கொரலைத் தேத்திக்கலாம். நிக்கறவனை எங்க போயித் தேடறது?" என்றார்.

இனி கவிதா.

இரண்டு வருஷத்துக்கு முன், கல்லூரி முடித்த கையோடு, தன் சிநேகிதி ஜெயந்தியுடன் தாராபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனாள். திரும்பி வரும்போது காங்கேயத்துக்கு முன்னால் ஒரு லாரி பஸ்ஸின் சன்னல் பக்கத்தை உரசிக் கிழித்துக்கொண்டு போனது. ஜெயந்தி சன்னல் ஓரம் இருந்தாள். கவிதா அவள் பக்கத்தில் இருந்தாள். கவிதாவுக்குக் கையில் சிராய்ப்பு மட்டும். ஆஸ்பத்திரியிலிருந்து ஸ்டூடியோவுக்கு வந்த போனை எடுத்தது நான். இன்றைக்கும் எந்த வீட்டில் போன் மணி அடித்தாலும் நான் எடுப்பதில்லை. எடுத்துப் பேசச் சொல்லி வேறு யாரையாவது பார்க்கிறேன்.

அதற்குப் பிறகு அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. சாப்பிடு என்றால் சாப்பிட்டாள், வா என்றால் வந்தாள். பஸ்ஸில் மட்டும் ஏற மாட்டாள். நான் ஸ்கூட்டரில் கூட்டிப்போனேன். எதையும் கேட்க மாட்டாள். புடவை, சினிமா, ஊர் எதுவும். டாக்டர் சொன்னார், நாளாகும், யாராவது கூடவே இருங்கள் என்று. நாளானது. அதனால்தான் வேலையை விட்டேன்.

இந்த வருஷம் சித்திரையில் ஒருநாள், பேப்பரில் வந்த இரண்டு விளம்பரங்களைக் கத்தரித்துக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள். இரண்டுமே ஈமெயில் வழியாகத் திரைக்கதைப் பயிற்சி. ஒன்று பெங்களூரிலிருந்து, ஒன்று சென்னையிலிருந்து.

"இதுல ஒண்ணுல சேரட்டுங்களாப்பா?"

என் மனைவி சரோஜா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தாள். அவள் அன்னூர்க்காரி. எதையும் நின்று முழுசாக விசாரித்துவிட்டுத்தான் நகர்வாள். "கம்ப்யூட்டர்ல கதை எழுதச் சொல்லிக் குடுப்பாங்களாமா? ஏனுங்க, உங்களுக்குத்தான் எழுதத் தெரியுமே, நீங்களே சொல்லிக் குடுத்தா ஆகாதுங்களா?"

"அப்பா சொல்லிக் குடுத்தா எங்கதையில மாடுகூட லெக்சர் அடிக்கும்மா" என்றாள் கவிதா.

இரண்டு வருஷத்தில் அவள் செய்த முதல் கேலி அது. சரோஜா சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

கேலி செய்கிறாளே என்று சந்தோஷப்பட வேண்டியவன் ஏன் பயந்தேன் என்று உங்களுக்குத் தோன்றும். நீங்கள் இன்னும் பிள்ளை பெறவில்லை. அவள் ஒன்றே ஒன்றைக் கேட்கிறாள். அது ஏமாற்று வேலையாக இருந்துவிட்டால்? பணத்தை வாங்கிக்கொண்டு நாலு தாளை அனுப்பிவிட்டு வாயை மூடிக்கொண்டால்? பணம் போனால் போகட்டும். அவள் மறுபடி எதையாவது கேட்பாளா? வேண்டாம் என்று சொன்னாலோ, அதோடு கதவு சாத்திக்கொள்ளும். இரண்டு பக்கமும் பள்ளம்.

அவள் உள்ளே போனதும் சரோஜாவிடம் இதைச் சொன்னேன்.

"கேட்டுட்டா. எனக்கு அது போதும்" என்றாள்.

"ஏமாத்திப் போட்டாங்கன்னா?"

"ஏமாத்துனா நாம பாத்துக்கலாமுங்க."

"உன்னால ஆகும். என்னால ஆகாது."

கரண்டியை என் பக்கம் நீட்டினாள். "இருவது வருசமா பம்ப்செட்டு நல்ல பம்ப்செட்டு, நல்ல பம்ப்செட்டுன்னு ஊருக்கே எழுதுனீங்க. ஒரு பொருளு நல்லதா கெட்டதான்னு பாக்கத் தெரியாதுங்களா உங்களுக்கு?"

அப்போதுதான் முதலாளியின் பக்கம் ஞாபகம் வந்தது.

இரண்டு இடத்துக்கும் ஒரு மாதிரிப் பக்கம் அனுப்பலாம் என்று விளம்பரத்தில் போட்டிருந்தது. நல்ல பக்கத்தை அனுப்பி என்ன தெரியப்போகிறது? படுமோசமான பக்கம் ஒன்றை அனுப்புவோம் என்று கவிதாவிடம் சொன்னேன். யார் நிற்கிறார்கள் என்று பார்ப்போம்.

"மோசமா எழுதறதுக்கு நீங்க இருக்கீங்களே" என்றாள். இரண்டாவது கேலி.

காந்திபுரத்தில் ஒரு பிரௌசிங் சென்டர். தட்டி வைத்து மறைத்த சின்னச் சின்ன அறைகள். நடத்துகிறவர் உக்கடத்துக்காரர், எல்லோருக்கும் பாய். தமிழ் எழுத்தில் அடிக்க அங்கே வசதி இல்லை. தமிழை இங்கிலீஷ் எழுத்தில்தான் அடிக்க வேண்டும். கவிதா உட்கார்ந்து அடித்தாள், நான் பின்னால் நின்று சொன்னேன். என் காலத்துத் திறமை முழுவதையும் அந்தப் பக்கத்தில் இறக்கினேன். ஓடும் பஸ். அதில் ஒரு பெரியவர் பக்கத்தில் இருப்பவனுக்குப் புத்தி சொல்கிறார். "தம்பி, வாழ்க்கை என்பது ஒரு மோட்டார். அன்புதான் அதற்கு மின்சாரம். பொறாமை என்ற துரு ஏறாமல் பார்த்துக்கொள்." கேட்டவன் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, "ஐயா, என் கண்களைத் திறந்துவிட்டீர்கள்" என்கிறான்.

பாய் எட்டிப் பார்த்தார். "ஏனுங்க சார், அம்மணி பாட்டுக்கு அடிச்சுட்டிருக்குது. நீங்க எதுக்குங்க பின்னாடி நின்னு கூட்டத்துல பேசறாப்பல பேசறீங்க? அந்தப் பக்கம் இன்டர்வியூக்கு அப்ளிகேசன் போடற பையன் மோட்டாருன்னு அடிச்சுப்போட்டானாமா."

கவிதா வாயைப் பொத்திக்கொண்டாள். நான் வெட்கப்பட்டு, டீ வாங்கி வருகிறேன் என்று பக்கத்துப் பேக்கரிக்குப் போனேன். திரும்பி வந்தபோது இரண்டு இடத்துக்கும் அனுப்பி முடித்திருந்தாள்.

பெங்களூரிலிருந்து மறுநாளே பதில். 'தங்கள் எழுத்தில் அபாரமான ஆற்றல் தெரிகிறது. குறிப்பாகப் பெரியவரின் வசனம் எங்கள் குழுவினரை நெகிழவைத்தது. இடங்கள் வேகமாக நிரம்பிக்கொண்டிருப்பதால் உடனே சேரவும்.' இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். காபி வாங்கிக் கொடுத்து அனுப்ப வேண்டிய குரல்.

சென்னையிலிருந்து ஒன்றுமே வரவில்லை. நாலைந்து தடவை போய்ப் பார்த்தோம். ஒவ்வொரு தடவையும் திரும்பி வரும்போது ஸ்கூட்டரில் அவள் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. இரண்டுமே பொய் என்று ஆகிவிட்டால் வீட்டில் என்ன சொல்வது?

ஒருநாள் பதில் வந்திருந்தது. எழுதியவர் ஒரு அம்மா. சினிமாவில் பல வருஷம் உதவி இயக்குநராக இருந்தவர் என்று விளம்பரத்தில் போட்டிருந்தது. இங்கிலீஷ் எழுத்துத் தமிழ் எனக்கு ஓடாது. கவிதா படித்துச் சொன்னாள்.

'பக்கம் நன்றாக இல்லை. பெரியவர் பேசுவதைப் போல எந்த ஊரிலும் எவரும் பேச மாட்டார்கள். ஆனால் அதே பஸ்ஸில் இரண்டு வரிசை முன்னால் ஒரு பெண் இருக்கிறாள். இந்தப் பக்கத்தில் உயிரோடு இருப்பது அவள் மட்டும்தான். அவளை எழுதியது வேறு கை என்று நினைக்கிறேன். அந்தக் கைக்குச் சொந்தக்காரரிடம் எனக்கு ஒரு கேள்வி. அவள் யாருக்காக இடம் பிடித்து வைத்திருக்கிறாள்?'

"எந்தப் பொண்ணு? நான் பஸ்ல பொண்ணே வெக்கலையே?" என்றேன்.

கவிதா நாங்கள் அனுப்பிய பக்கத்தைத் திறந்து, கீழே தள்ளி, விரலை வைத்தாள். பிறகு தானே மெதுவாகப் படித்தாள்.

'இரண்டு வரிசை முன்னால் ஒரு பெண். பக்கத்து இடத்தில் பை. கண்டக்டர் பையை எடுக்கச் சொல்கிறார். ஆள் வராங்க என்கிறாள். பஸ் கிளம்புகிறது. யாரும் வரவில்லை. அவள் பையை எடுக்கவில்லை.'

நான் டீ வாங்கப் போன நேரத்தில் சேர்த்திருக்கிறாள்.

அவள் என் பக்கம் திரும்பவில்லை. கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே பேசினாள். "அன்னைக்கு தாராபுரத்துல பஸ்ஸு நெறஞ்சு வந்துச்சுங்கப்பா. ஜெயந்தி அடுத்த பஸ்ல போலாம்னா. நாந்தான் கேக்கல. ஓடிப்போயி சன்னல் வழியா பையைப் போட்டு ரெண்டு சீட்டு புடிச்சேன். பெருமையா அவளைக் கூப்புட்டேன். சன்னலோரம் நீ உக்காருன்னு சொன்னதும் நாந்தானுங்கப்பா."

இந்த இடத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். எங்கள் தொழிலில் இருபது வருஷம் இருந்தவனுக்கு வார்த்தைக்குப் பஞ்சமில்லை. உன் மேல் தப்பில்லை கண்ணு, எல்லாம் விதி, நீ பிழைத்தாயே அதை நினை. எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வாய் வரைக்கும் வந்து நின்றன. அத்தனையும் பின்னணிக் குரல். இரண்டு வருஷமாக வீட்டில் நான் அதைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. அவள் வாய் திறக்க இடமே இல்லாமல். அந்த அம்மா ஒரு கேள்வி கேட்டுவிட்டு நிறுத்தினார். அதில் இவள் நுழைந்துவிட்டாள்.

கஷ்டப்பட்டு வாயை மூடிக்கொண்டேன். எனக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருந்த ஒன்றை மட்டும் கேட்டேன். "அவளுக்குச் சன்னலோரம் புடிக்குமா கண்ணு?"

"ரொம்பப் புடிக்குமுங்கப்பா" என்றாள். அப்புறம் அழுதாள். இரண்டு வருஷத்துக்கும் சேர்த்து.

தட்டிக்கு மேலே பாயின் தலை தெரிந்தது. என்ன ஏது என்று கேட்கவில்லை. "மீட்டரை நிறுத்திப்போட்டேனுங்க சார். எத்தன நேரம் வேணாலும் உக்காந்திருங்க" என்று சொல்லிவிட்டுப் போய், பாட்டுப் பெட்டியின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தார். எங்கள் சத்தம் மற்றவர்களுக்குக் கேட்காமல் இருக்க. அந்த மனுஷனுக்கு நான் இன்னும் சரியாக நன்றி சொல்லவில்லை. இதை அச்சடித்தால் ஒரு பிரதி அவரிடம் கொடுக்க வேண்டும்.

இத்தோடு முடிவுக்கு வந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். வீட்டுக்கு வந்ததும் இன்னொரு பயம். எழுத்துத் தெரிந்தவர்களுக்குப் பிறத்தியார் துக்கம் நல்ல சரக்கு. நானே அந்தத் தொழிலில் இருந்தவன். இவள் சொன்னதை அந்த அம்மா தெரிந்துகொண்டு, ஆகா, இதுதான் உன் கதை, எழுது, திருத்து, மறுபடி எழுது என்று பிள்ளையை அந்தப் பஸ்ஸிலேயே உட்கார வைத்துவிட்டால்?

கவிதாவிடம் சொல்லிவிட்டு, அடுத்த நாள் நானே போய், ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்து அந்த அம்மாவுக்கு எழுதினேன். நடந்தது இது. அந்தக் காட்சியை அவளை எழுதச் சொல்வீர்களா என்று.

இந்தத் தடவை பதில் சீக்கிரம் வந்தது. 'மாட்டேன். அது அவருடையது. எழுத வேண்டும் என்று அவருக்குத் தோன்றினால் எழுதுவார், தோன்றாமலே போனாலும் சரி. அதை நான் கேட்டிருக்க வேண்டியதில்லை, தெரியாமல் கேட்டுவிட்டேன். முதல் பாடத்துக்கு உங்கள் வீட்டுச் சமையலறை போதும். இரண்டு பேர். ஒருவருக்கு ஒன்று வேண்டும், இன்னொருவர் தர மாட்டேன் என்கிறார். யாரும் புத்தி சொல்லக் கூடாது.'

கவிதா அதைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தாள், சரோஜாவிடம் படித்துக் காட்டினேன். "சேத்தி உடுங்க" என்றாள்.

இதுதான் என் பதில். பாடத்திட்டத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். யார் நடத்துகிறார், எத்தனை படம் எடுத்தார் என்று மட்டும் பார்த்தும் முடிவு செய்யாதீர்கள். உங்களுடைய படுமோசமான பக்கம் ஒன்றை அனுப்புங்கள். அதைப் பாராட்டுகிறவரிடம் போகாதீர்கள். மோசம் என்று மட்டும் சொல்கிறவரிடமும் போக வேண்டாம், அதைச் சொல்ல சரோஜா போதும். மோசத்துக்கு நடுவில் உயிரோடு இருக்கிற ஒரு வரியைக் கண்டுபிடித்து, அதைப் பற்றி ஒரு கேள்வி கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்கத் தெரிந்தவர் கிடைத்தால் சேருங்கள். எங்கே நிறுத்த வேண்டும் என்றும் தெரிந்தவராக இருந்தால் கடன் வாங்கியாவது சேருங்கள். அப்படி ஒருத்தர் உங்கள் ஸ்டூடியோவிலேயே இருந்தால் கம்ப்யூட்டருக்குப் போகத் தேவையில்லை.

கவிதா முதல் பாடம் எழுதினாள். சமையலறை. கரண்டியோடு ஒரு அம்மா, பயந்த ஒரு அப்பா. சரோஜா கேட்டுவிட்டு, "நான் இப்படியா பேசறேன்?" என்று என்னைக் கேட்டாள். கதையில் வரும் அம்மா பேசுகிற மாதிரியேதான் கேட்டாள். கவிதா அதையும் எழுதிக்கொண்டாள். பயிற்சி இன்னும் முடியவில்லை. முடித்துவிட்டு என்ன செய்வாள், சினிமாவுக்குப் போவாளா, போனால் நான் தாங்குவேனா, ஒன்றும் தெரியாது. அந்தக் கவலை அது பாட்டுக்கு ஒரு பக்கம் இருக்கிறது. நான் அப்படித்தான்.

பஸ் சீனை அவள் எழுதவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை காங்கேயத்தில் ஜெயந்தியின் அக்கா குழந்தைக்குக் காது குத்து. அவர்கள் வீட்டிலிருந்து வந்து கூப்பிட்டிருந்தார்கள். டாக்ஸி சொல்லலாம் என்று நான் கிளம்பினேன்.

"பஸ்லயே போலாமுங்கப்பா" என்றாள் கவிதா.

பஸ்ஸில் இரண்டு பேர் உட்காரும் சீட்டில் அவள் தனியாக உட்கார்ந்தாள். சன்னலோரம் பையை வைத்தாள், உள்பக்கம் அவள். எதிர்ப்பக்கத்தில் நானும் சரோஜாவும். பல்லடத்தில் கூட்டம் ஏறியது. கைக்குழந்தையோடு ஒரு பெண் நெருக்கிக்கொண்டு வந்து கவிதாவின் பக்கத்தில் நின்றாள்.

"ஆளு வருதா கண்ணு?"

ஆமாங்க, வராங்க என்று சொல்ல நான் பாதி எழுந்துவிட்டேன். சரோஜா என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

கவிதா பையைப் பார்த்தாள். "இல்லீங்க. உக்காருங்க" என்றாள். பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சன்னலோரத்துக்கு நகர்ந்தாள். அந்தப் பெண் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். பஸ் கிளம்பியதும் குழந்தைக்குக் காற்று வரட்டும் என்று கவிதா சன்னல் கதவை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கிவிட்டாள்.